சத்தத்துக்கும் ஓர் இடம் உண்டு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வாகன சைலன்சர் குறித்த தீர்மானத்தை விவாதத்துக்கு எடுக்கும் முன் ஆற்றிய உரை. அன்று வர இயலாத உறுப்பினர்களுக்காக முழுமையாக வெளியிடுகிறோம்.)

தம்பிகளா, முன்னால் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள். இன்றைக்குப் பேச்சே உங்களைப் பற்றித்தான்.

நிகழ்ச்சி நிரலில் 6-ஆவது பொருள் எல்லோருக்கும் தெரியும். "சைலன்சர் மாற்றிய கார், பைக் எதையும் வளாகத்துக்குள் அனுமதிப்பதில்லை" என்ற தீர்மானம். இதற்காக நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மாதமாக நடந்த சண்டையை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஏ பிளாக்கில் கைக்குழந்தை இருக்கிறது. பி பிளாக்கில் இதய அறுவை சிகிச்சை முடிந்து வந்த பெரியவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு பேஸ்மென்ட்டில் கார் கிளம்பினால் இரண்டு பேரும் தூக்கிவாரிப் போட்டு எழுந்துகொள்கிறார்கள். "வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை மிதிக்கிறான்" என்கிறார்கள் பெரியவர்கள். "நான் மிதிக்கவே இல்லை, அங்கிள்" என்கிறார் அந்தத் தம்பி.

ஓட்டெடுப்புக்கு முன்னால் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுப் பேசுங்கள் என்று செயலாளர் என்னிடம் சொன்னார். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதிக் கடைசியில் கூட்டிப் பார்ப்பது என் பழக்கம். அந்த முறையிலேயே பார்த்தேன். அந்தத் தம்பியும் காரைத் தூக்கி நிறுத்தி அடியில் என்னென்ன இருக்கிறது என்று பொறுமையாகக் காட்டினார். அவருக்கு நன்றி.

முதலில், சைலன்சர் என்ன வேலை செய்கிறது?

என்ஜினில் பெட்ரோல் எரிகிறபோதெல்லாம் ஒரு சிறு வெடிப்பு நடக்கிறது. எரிந்த புகை ஒவ்வொரு முறையும் ஒரு குத்துப் போல வெளியே வருகிறது. நான்கு சிலிண்டர் காரில் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், நொடிக்கு 100 குத்து. இதை அப்படியே வெளியே விட்டால் காது தாங்காது. அதனால் புகை ஒரு நீண்ட பாதையில் போகிறது. முதலில் கேடலிடிக் கன்வர்ட்டர். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் பூசிய தேன்கூடு மாதிரியான பெட்டி அது. கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சுப் புகையை அது மாற்றி அனுப்புகிறது. அதன் பிறகு ரெசனேட்டர், கடைசியில் மஃப்ளர். உள்ளே அறைகளும், துளை போட்ட குழாய்களும், சில வண்டிகளில் கண்ணாடி இழைப் பஞ்சும் இருக்கும். சத்தம் அவற்றில் மோதி, ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, களைத்துப்போய் வெளியே வருகிறது. நாம் மொத்தத்தையும் சேர்த்து சைலன்சர் என்று சொல்லிவிடுகிறோம்.

கடையில் வாங்கி மாட்டும் எக்ஸாஸ்ட் மூன்று வகை. மஃப்ளரை மட்டும் மாற்றுவது ஒன்று. கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாய் முழுவதையும் மாற்றுவது இன்னொன்று. இதைக் கேட்-பேக் என்கிறார்கள். கன்வர்ட்டரையும் சேர்த்துக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போடுவது மூன்றாவது. முதல் இரண்டில் சத்தம்தான் பிரச்சினை. மூன்றாவதில் சத்தத்தோடு நச்சுப் புகையும் சேருகிறது. அந்தப் புகை பேஸ்மென்ட்டில் தேங்கினால் அதை முதலில் சுவாசிப்பவர் இரவு முழுக்க அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நம் செக்யூரிட்டி. அவர் வாட்ஸ்அப் குழுவில் இல்லை, அதனால் அவர் புகாரும் வரவில்லை.

இனி அந்தக் காலை 5 மணி விஷயம். சண்டைக்கே இதுதான் மூலம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கேடலிடிக் கன்வர்ட்டர் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். இரவெல்லாம் நின்ற வண்டியில் அது ஆறிப்போயிருக்கும். அதனால் காரில் உள்ள கம்ப்யூட்டர், ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடம், யாரும் ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே என்ஜின் வேகத்தைக் கூட்டி, சூடான புகையைக் கன்வர்ட்டருக்கு அனுப்புகிறது. மாசைக் குறைக்கத் தயாரிப்பாளர் செய்துவைத்த ஏற்பாடு இது. உங்கள் காரிலும் என் காரிலும்கூட இது நடக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் 1,200, 1,300 என்று நின்றுவிட்டுப் பிறகு மெல்ல இறங்குவதைப் பாருங்கள். நம் வண்டியில் சைலன்சர் அதை மறைத்துவிடுகிறது. எக்ஸாஸ்ட் மாற்றிய வண்டியில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஆக, அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. அவர் மிதிக்கவில்லை. பெரியவர்களும் பொய் சொல்லவில்லை. அந்த வண்டி நாள் முழுவதிலும் நின்ற இடத்தில் அதிகம் கத்தும் நேரம் அதுதான். அதுவும் பேஸ்மென்ட்டில், நான்கு பக்கமும் கான்கிரீட். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். மூடிய பேஸ்மென்ட்டில் அப்படிக் குறையாது. சுவரில் மோதி மோதித் திரும்பி வரும். தாழ்ந்த சுருதிச் சத்தம் சுவரையும் தரையையும் எளிதாகக் கடக்கும். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது என்று மூன்றாவது மாடி அம்மா சொன்னது கற்பனை இல்லை.

டெசிபல் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வட்டிக் கணக்கைப் போல நேராகக் கூட்டும் கணக்கு இல்லை இது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். 20 கூடினால் ஆற்றல் 100 மடங்கு. ஆகவே "கொஞ்சம்தான் அதிகம்" என்ற பேச்சு இதில் செல்லாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. 5 மணி என்பது சட்டப்படி இன்னும் இரவுதான்.

சட்டம் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடுகிறேன். தம்பிகளே, மோட்டார் வாகனச் சட்டத்தில் நான்கு பிரிவுகளை நினைவில் வையுங்கள். 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, 182ஏ பிரிவின்படி அப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. ஒலி, காற்று மாசு அளவை மீறி ஓட்டினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு 3 மாதம் லைசென்ஸும் கிடையாது. புகையை சைலன்சர் வழியாக விடாமல் வேறு வழியில் திறந்துவிடும் 'கட்-அவுட்' வைத்து ஓட்டினால் 194எஃப் பிரிவில் முதல் தடவை 1,000, அடுத்த தடவை 2,000 ரூபாய். வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று வீட்டில் அப்பாவும் அம்மாவும் இன்றிரவே ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பல வீட்டில் உரிமையாளர் நீங்கள்தான்.

இப்போது எனக்குத் தெரிந்த துறைக்கு வருகிறேன்: பணம்.

எக்ஸாஸ்ட் மாற்றினால் வண்டிக்குச் சக்தி கூடும் என்கிறார்கள். உண்மையா? பாதி உண்மை. டர்போ உள்ள வண்டியில், டர்போவை ஒட்டிய குழாயை அகலமாக்கி, கம்ப்யூட்டர் புரோகிராமையும் மாற்றினால் சக்தி கணிசமாகக் கூடும். டர்போ இல்லாத சாதாரண காரில் பின்குழாயை மட்டும் மாற்றினால் கூடும் குதிரைத்திறனைப் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். மிச்சமெல்லாம் சத்தம்தான். காது ஏமாந்து வண்டி வேகமாகப் போகிறது என்று நம்பிவிடுகிறது. விலையோ, உள்ளூரில் வளைத்துக் கொடுக்கும் ஸ்டீல் குழாய்க்குச் சில பத்தாயிரம்; இறக்குமதி டைட்டானியம் என்றால் லட்சங்கள். செலவுப் பக்கத்தில் பெரிய தொகை, வரவுப் பக்கத்தில் உறுமல் மட்டும். இதை லாபம் என்று எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

இன்சூரன்ஸ் பாலிசியை எத்தனை பேர் முழுதாகப் படித்திருக்கிறீர்கள்? அதில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி உண்டு. பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் பாலிசி செல்லாது என்று அதில் தெளிவாக இருக்கும். வண்டியில் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் விட்டாலும் கிளெய்ம் வரும்போது கேள்வி வரும்.

நான் கடன் பிரிவில் இருந்தபோது ஒரு தந்தை வந்து உட்கார்ந்தார். மகன் வண்டியைத் தடத்தில் ஓட்டப் போய்ச் சுவரில் மோதிவிட்டான். பையனுக்கு ஒன்றும் இல்லை, வண்டி தேறவில்லை. கிளெய்ம் கிடைக்கவில்லை. வண்டி வங்கிக்கு அடமானம். கடனில் பாதிக்கு மேல் பாக்கி. இல்லாத காருக்கு மாதாமாதம் 5-ஆம் தேதி இ.எம்.ஐ. கட்டினார் அந்த மனிதர். கடைசித் தவணை கட்டிய அன்று கவுன்ட்டரில் ரசீதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். இளைஞர்கள் இதை அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்னதால் நான் தடத்தில் ஓட்டுவதற்கே எதிரி என்று நினைக்கக் கூடாது. பெரியவர்களுக்கு ஒரு விஷயத்தை நினைவூட்டுகிறேன். இந்த வேக ஆசை இன்றைய தலைமுறை கண்டுபிடித்தது இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது 1953-இல். சோழவரத்தில் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தபோது, நம்மில் எத்தனை பேர் டிபன் பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ் பிடித்துப் போய் வேலிக்குப் பின்னால் வெயிலில் நின்றோம்! கை தூக்குங்கள் பார்க்கலாம். அதோ, தீர்மானத்தை முன்மொழிந்தவரே கை தூக்குகிறார்.

பிறகு 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர். கோவையில் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் நம் தமிழ்நாட்டுக்காரர். 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 கார்கள் ஓடியதை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். மோட்டார் பந்தயத்துக்கு இந்த ஊரில் நல்ல பரம்பரை உண்டு. அதைக் கெட்ட பழக்கம் போலப் பேசுவது நியாயம் இல்லை.

டிராக் டே என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது பந்தயம் இல்லை. பரிசு கிடையாது. தடத்தை ஒரு நாளுக்கு எடுத்து, கட்டணம் கட்டியவர்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, 15, 20 நிமிடம் ஓட்ட விடுவார்கள். காலையில் முதல் வேலை வண்டிப் பரிசோதனை: டயர், பிரேக், எண்ணெய்க் கசிவு, வீல் நட்டு. அடுத்து எல்லோரையும் உட்காரவைத்து விதிமுறை சொல்வார்கள். மஞ்சள் கொடி காட்டினால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாக உள்ளே வர வேண்டும். கறுப்புக் கொடி உங்களுக்குக் காட்டப்பட்டால் ஏதோ தப்பு, உடனே வெளியே வர வேண்டும். முந்துவது நேர்ப்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டினால்தான். ஹெல்மெட் கட்டாயம். ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். நம் புறவழிச்சாலையில் நள்ளிரவில் ஓட்டுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே லாரியும் வரும், மாடும் வரும், மார்க்கெட்டுக்குப் போகும் சைக்கிளும் வரும். கொடி காட்ட யாரும் இல்லை. சாலையில் போட்டி போடுவது 189-ஆவது பிரிவின்படி குற்றமும்கூட. ஒரு பையன் காசு கட்டி, ஹெல்மெட் மாட்டி, தடத்துக்குப் போகிறேன் என்றால், நான் அவனைப் பொறுப்பானவன் என்றே சொல்வேன்.

தம்பிகளுக்கு ஒரு செய்தி. இதைப் படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. பந்தயத் தடங்களிலேயே சத்தத்துக்கு வரம்பு உண்டு. இங்கிலாந்துத் தடங்கள் பலவற்றில், உள்ளே விடும் முன் குழாய் முனையிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் மீட்டரைப் பிடித்து, என்ஜினை அதன் உச்ச வேகத்தில் முக்கால் பங்குக்கு ஓடவிட்டு அளக்கிறார்கள். வரம்பு தாண்டினால் வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கலிஃபோர்னியாவில் லகுனா செக்கா என்ற புகழ்பெற்ற தடத்தில், பல நாள்களில் வரம்பு 90 டெசிபலை ஒட்டியே இருக்கிறது. தடத்தின் ஓரத்தில் மீட்டர் வைத்திருக்கிறார்கள். தாண்டுகிற காருக்குக் கறுப்புக் கொடி. ஏன்? சுற்றிலும் வீடுகள் இருக்கின்றன. அக்கம்பக்கத்தார் புகாரால் ஒரு தடமே மூடப்படலாம் என்று பந்தயக்காரர்களுக்குத் தெரியும். தங்கள் விளையாட்டு பிழைத்திருக்கவே அவர்கள் சத்தத்தை அடக்குகிறார்கள். பந்தயத் தடத்துக்கே அக்கம்பக்கத்தார் உண்டு என்றால் நம் பேஸ்மென்ட்டுக்கு இல்லையா?

இன்னொன்று. அனுபவமுள்ளவர்கள் புதிதாகத் தடத்துக்கு வருகிறவர்களுக்குச் சொல்லும் வரிசையில் எக்ஸாஸ்ட் கடைசி. முதலில் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் தர அளவே 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. வளைவுக்கு முன் மிதித்தால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும். அடுத்து பிரேக் பேட், அடுத்து டயர், அடுத்து பயிற்சி. தங்கள் காரையே கொடுத்துக் கற்றுத்தரும் பயிற்சிப் பள்ளிகளும் இருக்கின்றன. சொந்த வண்டியைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. குழாய்க்குப் போடும் பணத்தை இந்த நான்கிலும் போட்டால் சுற்று நேரம் குறையும், உயிரும் மிஞ்சும்.

சரி, கணக்கைக் கூட்டுகிறேன். தீர்மானத்தை இப்படியே நிறைவேற்றினால் என்ன ஆகும்? கேட்டில் செக்யூரிட்டி ஒவ்வொரு வண்டியின் அடியிலும் குனிந்து பார்க்க வேண்டும். எது ஒரிஜினல், எது மாற்றியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? சண்டை கேட்டுக்கு இடம் மாறும். அந்த வண்டிகள் வெளியே தெருவில் நிற்கும்; எதிர்வீட்டுக்காரர் தூக்கம் போகும். நம் வீட்டுப் பிள்ளைகளும் நம்மை விட்டு விலகிப்போவார்கள்.

அதற்குப் பதிலாக ஐந்து திருத்தங்களை முன்வைக்கிறேன்.

ஒன்று, இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடிய வண்டி எதையும் பேஸ்மென்ட்டில் ஸ்டார்ட் செய்வதில்லை. விடியற்காலையில் தடத்துக்குக் கிளம்புகிறவர், ஒரிஜினல் சைலன்சர் மாட்டிய வண்டியாக இருந்தாலும், முந்தைய நாள் மாலையே பின் கேட்டை ஒட்டிய திறந்தவெளிப் பார்க்கிங்கில் நிறுத்திக்கொள்ளலாம். விசிட்டர் இடத்தில் இரண்டை அதற்கு ஒதுக்குவோம்.

இரண்டு, ஸ்டார்ட் செய்த வண்டியை நின்ற இடத்திலேயே சூடேற்ற வேண்டாம். இன்றைய பெட்ரோல் என்ஜினுக்கு அது தேவையில்லை. அரை நிமிடத்தில் மெல்ல நகர்த்தி, சூடேறும் வரை நிதானமாக ஓட்டினால் போதும்.

மூன்று, சாலையில் ஓடும் வண்டிக்கு ஒரிஜினல் சைலன்சரே இருக்க வேண்டும். ஏற்கனவே மாற்றியவர்கள் திரும்ப மாட்டிக்கொள்ள மூன்று மாதம் அவகாசம். கழற்றியதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடவில்லை என்று நம்புகிறேன். தடத்துக்கான எக்ஸாஸ்ட்டைத் தடத்தில் மாட்டிக்கொள்ளட்டும்.

நான்கு, கன்வர்ட்டர் இல்லாத வண்டிக்கு பேஸ்மென்ட்டில் இடமில்லை. இதில் மட்டும் அவகாசம் கிடையாது. நம் செக்யூரிட்டியின் நுரையீரலுக்கு மூன்று மாதத் தவணை கேட்க நமக்கு உரிமை இல்லை.

ஐந்து, புகாரை முதலில் நேரில் சொல்வோம். கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு, அதன் பிறகு தேவைப்பட்டால் குழுவில் எழுதுவோம். போன் ஆப்பில் காட்டும் டெசிபலைச் சாட்சியாகக் கொண்டுவர வேண்டாம். அது போனுக்குப் போன் மாறும்.

இவற்றைத் தம்பிகளிடம் முன்கூட்டியே காட்டினேன். மூன்றாவதில் கொஞ்சம் முனகினார்கள், பிறகு சரி என்றார்கள். பதிலுக்கு அவர்கள் ஒன்று கேட்டார்கள்: இருங்காட்டுக்கோட்டையில் அடுத்து பந்தயம் நடக்கும்போது, சங்கத்தின் சார்பில் ஒரு வேன் வைத்து, விருப்பமுள்ள பெரியவர்களையும் அழைத்துப் போக வேண்டுமாம். வேன் செலவை மட்டும் பொருளாளர் ஏற்றுக்கொண்டால் டிபன் பொட்டலம் எங்கள் பொறுப்பு என்று சீனியர் சிட்டிசன் குழு சொல்லிவிட்டது. பொருளாளர் முகத்தைப் பார்த்தால் யோசிக்கிறார் என்று தெரிகிறது. நல்ல பதிலாகச் சொல்லட்டும்.

திருத்தத்தை ஓட்டுக்கு விடும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.